இறால் அரங்குக்கு வந்த கிணற்றுத் தண்ணீர்

தஞ்சாவூர் அரசுப் பொருட்காட்சியில் எங்கள் மீன்வள அரங்குக்கு அந்த வருடம் நல்ல கூட்டம். கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வரி இறால் விட்டிருந்தோம். ஜனங்கள் டெல்லி அப்பளத்தைக் கடித்தபடி வேடிக்கை பார்ப்பார்கள். இறாலுக்கு என்ன தீனி, எப்போது பிடிக்கலாம் என்று நான் மைக்கில் சொல்வேன். இறால் ஆராய்ச்சிதான் என் வேலை.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. கடலோரத்து நெல் நிலங்களைக் கம்பெனிகள் வாங்கி, வெட்டி, உப்புநீர் ஏற்றி இறால் குட்டைகளாக்கிக்கொண்டிருந்தன. நடவும் அறுப்பும் இல்லாமல் போனவர்கள் மறியல் செய்து கைதானார்கள். எங்கள் அரங்கில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஒரு சாயங்காலம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து சில பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு அம்மா என் மேசைமேல் ஒரு சோடா பாட்டிலை வைத்தார்.

"எங்க தெருக் கிணத்துத் தண்ணிங்க. குட்டை வந்ததிலேர்ந்து கரிக்குது. தாசில்தார்கிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

என் மேலதிகாரி தாழ்ந்த குரலில், "இங்க வேண்டாம்மா. ஆபீசுக்கு வரச் சொல்லுங்க" என்றார். கெட்டவர் இல்லை. மறுநாள் அமைச்சர் வருவதாக இருந்தது.

என் அம்மாவும் நடவு நட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதை நினைத்துச் செய்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில், தொட்டியின் உப்பைப் பார்க்கும் கருவி கையிலேயே இருந்தது. கேட்டார்கள்; பார்த்தேன். கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, கண்ணருகே வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீராக இருந்தால் உள்ளே தெரியும் கோடு அடியிலேயே நிற்கும். அது வெகுதூரம் மேலே ஏறியிருந்தது. அந்த அம்மாவையும் பார்க்கச் சொன்னேன். பின்னால் இருந்தவர்களும் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

"குடிக்காதீங்க. இது நாத்துக்கும் ஆகாது" என்றேன். மைக் அணையாமல் இருந்ததால் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

அந்த அம்மா, "இதையே எங்க ஊருக்கு வந்து தாசில்தார் முன்னால சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். ஊர்க் கிணறுகளையெல்லாம் பார்த்து, தாசில்தார் முன்னால் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. அந்த மாதமே என்னை ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். மேலதிகாரி பஸ் ஏற்றிவிட வந்தார்.

ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு, குட்டைகளை மூட வைத்தார்கள். சில வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். குடிதண்ணீருக்குக் குழாய் வந்திருந்தது. குட்டைகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. கரையெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"செயிச்சிட்டோம்மா," என்றார். "ஆனா விதைச்சா முளைக்க மாட்டேங்குது. எப்ப முளைக்கும்?"

"சொல்லத் தெரியலைம்மா" என்றேன்.

"மழை பெய்யட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார்.