ஒரே துண்டில் இரண்டு கைகள்

என் மகளின் முன்பல் உடைந்த வாரம்தான் கப்பல் பயணம் முடிவானது. உடைத்தவன் என் மகன். டிவி ரிமோட்டை வீசினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து வந்து அவன் தொடையில் குத்தினாள். இரண்டு பேரின் ரத்தமும் ஒரே பாயில் விழுந்தது.

அவனுக்குப் பதினேழு வயது, அவளுக்குப் பதினைந்து. தெலுங்கும் இந்தியும் கலந்து பேசுகிற லாலாகுடாவில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அடித்துக்கொண்டதும் அவன் ரயில்வே கிரவுண்டுக்கு ஓடிவிடுவான், அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள். திரும்பி வந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். நான் குஷாய்குடாவில் ஒரு காயலான் கடையில் வேலை செய்கிறேன். பழைய பிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ எது வந்தாலும் சம்மட்டியால் பிளந்து இரும்பைத் தனியாகவும் செம்பைத் தனியாகவும் எடுப்பது என் வேலை. நாள் முழுக்க உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே சத்தம்தான்.

கப்பலில் போகலாம் என்றது என் மனைவி. தெருவில் ஒரு குடும்பம் போய்வந்த வீடியோவை அவள் பார்த்திருந்தாள். சென்னையில் ஏறினால் நடுக்கடல் வரை போய்விட்டு, எந்த ஊரையும் தொடாமல், மூன்றாம் நாள் சென்னைக்கே திரும்பி வரும் கப்பல்.

"நடுக்கடல்ல எங்க ஓடுவாங்க ரெண்டு பேரும்? ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகினுதான் இருக்கணும்" என்றாள். "அங்கயும் அடிச்சிகினாங்கன்னா பொண்ணு நேரா ஆம்பூருக்குத்தான். எங்கக்கா வீட்ல இருந்து படிக்கட்டும். சொல்லிட்டேன், நீ குறுக்க பேசாத."

நான் என்றைக்குக் குறுக்கே பேசினேன்? ஆனால் அன்றிலிருந்து எனக்குப் பயம்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். டாக்டரிடம் என் நோவைச் சொல்வது என் மகள். வங்கியில் எனக்காகச் சண்டை போடுவதும் அவள்தான். வீட்டில் நான் வாய் திறந்து பேசுவதும் அவளிடம் மட்டும்தான். அவள் ஆம்பூருக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் நான் ஊமை.

சென்னைத் துறைமுகத்தில் பைகளை மெஷினில் விட்டார்கள். என் மனைவி பெண்கள் வரிசையில் நின்றிருந்தாள். மெஷின்காரர் என் மகளின் பையைத் திறந்து காம்பஸை வெளியே எடுத்தார்.

"இது இன்னாம்மா?"

"ஜாமெட்ரி, அங்கிள்."

"கப்பல்ல எக்ஸாமா?"

என் மகன் சிரித்தான். அடுத்து அவன் பை வந்தது. அதிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு சைக்கிள் செயின் வந்தது. இப்போது அவள் சிரித்தாள். மெஷின்காரர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் இரண்டையும் ஒரே தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைகள் இரண்டும் ஒருவர் ஆயுதத்தை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி வந்து, "ஏன் லேட்டு?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அறையில் ஜன்னல் கிடையாது. கீழே இரண்டு கட்டில், சுவரிலிருந்து இறக்கிவிடுகிற மாதிரி மேலே இரண்டு. கப்பல் நகர்ந்த கொஞ்ச நேரத்திலேயே என் மனைவிக்குத் தலை சுற்றியது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். மேலே இருந்த இரண்டு பேரும் எதிர் எதிராகக் காலை நீட்டி உதைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எலும்பில் எலும்பு மோதும் சத்தம் கேட்டது.

"ஏய் போவே!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தெலுங்கில் சொன்னான் அவன்.

"நுவ்வு போரா!" என்று அவளும் தெலுங்கிலேயே கொடுத்தாள்.

நான் நடுவில் எழுந்து நின்று, அவன் கணுக்காலை ஒரு கையிலும் அவள் கணுக்காலை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டேன். இரண்டு கோழியைப் பிடித்தவன் மாதிரி அப்படியே நின்றேன். "சத்தம் போடாதீங்கடா, அம்மா எழுந்துடுவா" என்று கெஞ்சினேன். உதை என் விலாவில் விழுந்தது. அதையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

காலையில் என்னால் மறைக்க முடியவில்லை. மகள் குளியலறைக்குள் இருந்து வெளியே வரவில்லை. அவன் கதவை உதைத்தான். தாழ்ப்பாள் பிய்ந்து கதவு அவள் நெற்றியில் அடித்தது. அவள் ஷவர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே அவன் காதோடு சேர்த்து ஒரு போடு போட்டாள். தண்ணீர் அறை முழுக்கப் பீய்ச்சியது. என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

ஆம்பூர் முடிவாகிவிட்டது என்று நினைத்தேன். அவள் பையைத் திறந்து சிவப்புத் துண்டை எடுத்தாள்.

இது எங்கள் வீட்டு வழக்கம். அவர்கள் பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து இருக்கிறது. அடித்துக்கொண்டால் இரண்டு பேர் மணிக்கட்டையும் ஒரே துண்டில் சேர்த்துக் கட்டிவிடுவாள். முதலில் அடித்தவருக்கு வலது கை. கட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தபின்தான் அவிழ்ப்பாள். வலது கை கட்டப்பட்டவர் இடது கையால் சாப்பிடக் கூடாது. மற்றவர் ஊட்டினால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினி.

"கப்பல்ல கூடவா? நக்கோ மம்மி, வேணாம் ப்ளீஸ்" என்றான் மகன்.

"கதவ உதைக்கும்போது கப்பல்னு தெரியலயா உனக்கு?" அவன் வலது கையையும் அவள் இடது கையையும் வைத்து முடிச்சை இறுக்கினாள். "இதான் கடைசி. இன்னும் ஒரு அடி விழுந்துது, ஆம்பூர்தான். சாயந்திரம் வரைக்கும் இப்படியே இருங்க."

எங்கள் வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்காத காரியம் அது. அதனால் இன்னொரு இடத்தில் அது எப்படித் தெரியும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு இடித்துக்கொண்டு நின்ற கூட்டம் எங்களுக்கு வழி விட்டது. ஏதோ போட்டி என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

"எந்த டெக்ல தம்பி இந்த கேம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"ஜெயில் டெக், அங்கிள்" என்றாள் என் மகள்.

அவனுக்கு அவள் ஊட்டவில்லை. அவன் மூக்குக்கு முன்னால் பூரியைக் கொண்டுபோய், திருப்பித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. மனைவிக்கு மறுபடி குமட்டியது. "பாத்துக்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அறைக்குப் போனாள்.

நாங்கள் மேல்தளத்தின் பின்பக்கம் போனோம். கூட்டமில்லாத இடம் வேண்டும் என்று நான்தான் கூட்டிப்போனேன். அங்கே காற்று கன்னத்தில் அறைந்தது. கடல் தகரத்தை மடக்கி மடக்கி அடிப்பது போலக் கப்பலின் விலாவில் மோதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் காலுக்குக் கீழே தளம் நடுங்கியது.

அவன் இடது கையால் போனை எடுத்து எதையோ பார்த்துச் சிரித்தான். முந்தின நாள் தங்கை வாந்தி எடுத்ததைப் படம் பிடித்து வைத்திருந்தான்.

"டெலீட் கர்" என்றாள்.

"நெட் வரட்டும். கரை தெரிஞ்சதும் உங்க கிளாஸ் குரூப்புக்கே போடறேன்."

"கைக்கு ரே? ஏன்டா? நான் உனக்கு என்னா பண்ணேன்?"

"பூரி நல்லா இருந்துச்சா?"

அவள் போனைப் பறித்துக்கொண்டு கைப்பிடிக் கம்பிகளில் கீழ்க் கம்பியின் மேல் ஏறி, முழு பலத்தோடு வீசினாள். போன் வெயிலில் ஒருமுறை மின்னியது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவனிடமிருந்து வந்த குரல் மனிதக் குரலாக இல்லை. இடது கையால் அவள் பின்னலைப் பிடித்து, தலையைக் கம்பிக்கு அந்தப் பக்கம் அழுத்தினான். அவள் குதிகாலால் அவன் முட்டியில் உதைத்தாள். அப்போது கப்பல் சாய்ந்தது. அவன் தள்ளினானா, கப்பல் தள்ளியதா, எனக்கு இன்று வரை தெரியாது. அவளுடைய இரண்டு பாதங்களும் கம்பியை விட்டு மேலே எழுந்ததைப் பார்த்தேன். ஒரு செருப்பு கழன்று தளத்தில் விழுந்தது. இடுப்புக்கு மேலே அவள் வெளியே இருந்தாள். பின்னல் அவன் கையிலிருந்து நழுவியது. துண்டு விறைத்தது. அவனும் அவளோடு சேர்ந்து கம்பியின் மேல் இழுபட்டான்.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் பாவாடையோடு சேர்த்துத் தொடையை ஒரு கையிலும், அவன் பெல்ட்டை இன்னொரு கையிலும் பிடித்துப் பின்னால் விழுந்தேன். மூன்று பேரும் தளத்தில் மோதினோம். அவன் பின்மண்டை என் வாயில் இடித்தது. கீழ்வரிசைப் பல் இரண்டு உடைந்து தொண்டைக்குள் போகப் பார்த்தது. துப்பினேன். வெள்ளைத் தளத்தில் ரத்தம் காற்றோடு கோடு கோடாக ஓடியது.

அப்போதும் அவர்கள் நிறுத்தவில்லை. படுத்தபடியே அவள் அவன் முகத்தில் குத்தினாள். "மை போன்! மை போன்!" என்று அவன் அலறினான். பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தார்கள்.

"டாடி" என்றாள். அவன் தன் முகத்தை என் சட்டையில் வைத்து அழுத்திக்கொண்டான்.

பாதுகாவலர்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் பார்த்தது இதுதான்: வாயெல்லாம் ரத்தமாக ஒரு ஆள், அவன் பிடியில் கை கட்டப்பட்ட இரண்டு பிள்ளைகள். கப்பலின் மருத்துவ அறைக்கு எங்களைக் கொண்டுபோனார்கள். வெள்ளை உடுப்பில் ஒரு பெண் அதிகாரி வந்தார். பிள்ளைகளை யார் கட்டியது, ஏன் கட்டியது என்று இந்தியில் என்னைக் கேட்டார். நான் பழக்கத்தில் மகள் பக்கம் திரும்பினேன். "அவளிடம் கேட்கவில்லை, உங்களிடம் கேட்கிறேன்" என்றார்.

எனக்கு நாக்கு வீங்கியிருந்தது. வீங்காமல் இருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

"ஹமாரே கர் மே ஐசாச் ஹை, மேடம்" என்றேன். எங்கள் வீட்டில் இப்படித்தான் என்று சொன்னேன். அது காரியத்தைக் கெடுத்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

துண்டின் முடிச்சு என் மகளின் பாரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது. நர்ஸ் கத்தரியால் வெட்டினாள். அந்த நேரம் பார்த்து என் மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் வாயைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள்.

"என் துண்ட எவ வெட்டினது?" என்றுதான் முதலில் கத்தினாள்.

என் மகள் நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை, போனை வீசியதையும் சேர்த்துச் சொன்னாள். இடையில் என்னால் எதையும் மறைக்க முடியவில்லை. அதிகாரிக்கு இந்தியிலும் அம்மாவுக்குத் தமிழிலுமாக இரண்டு முறை சொன்னாள். கேட்கக் கேட்க என் மனைவியின் முகம் சாம்பலானது. மகளின் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். மணிக்கட்டில் துண்டு அறுத்த சிவப்பு வளையம். அதற்கு மேலே, முழங்கைக்குக் கீழே, நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்து கறுத்திருந்தன. நகம் இறங்கிய இடங்களில் ரத்தம்.

"இது யாரு கை?"

"வாடிதே" என்றாள் மகள். அவனுடையதுதான்.

"தள்ளின கையா?"

"முடிய புடிச்சது லெப்ட்டு மம்மி. இது ரைட்டு. துண்டு முறுக்கிக்கிச்சு, இவன் என் கைய திருப்பிப் புடிச்சிகினான், விடல."

என் மனைவி மகனைப் பார்த்தாள். அவன் தன் வலது கையைத் தொடைக்குக் கீழே மறைத்துக்கொண்டான். அவள் அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பெண் அதிகாரி எழுந்து நின்றுவிட்டார்.

கரை சேரும் வரை பையன் தனியாக இருக்க வேண்டும் என்று உத்தரவானது. எங்கள் அறைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த அறையில் அவனையும் என்னையும் போட்டார்கள். வெளியே ஒரு பாதுகாவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தையல் போட்ட உதட்டோடு, வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். ஆம்பூரை நினைத்தேன். இனிமேல் அதை யாரும் தடுக்க முடியாது. அவள் போகாவிட்டால் ஒருநாள் இரண்டில் ஒன்று செத்துப்போகும் என்றும் தோன்றியது.

சாயங்காலம் சுவரில் டமால் என்று ஒரு உதை விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து.

என் மகன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு இரண்டு காலையும் தூக்கி ஓங்கி ஒரு உதை விட்டான். அவள் இரண்டு விட்டாள். இவன் மூன்று விட்டான். சுவரில் மாட்டியிருந்த படம் கழன்று விழுந்து கண்ணாடி உடைந்தது. வெளியே பாதுகாவலர் கதவைத் தட்டினார்.

தட்டியவரை ஒதுக்கிவிட்டு என் மனைவி உள்ளே வந்தாள். என் கட்டிலில் உட்கார்ந்தாள். சுவர் மறுபடி அதிர்ந்தது.

"எங்கக்காவுக்குப் போன் போட முடியல, டவர் இல்ல" என்றாள்.

நான் வாயில் இருந்த பஞ்சை அழுத்திக்கொண்டேன்.

"கரைக்குப் போனதும் சொல்லிடணும். பொண்ணு வரமாட்டான்னு சொல்லிடணும்."

பஞ்சை எடுத்துவிட்டு, "ஏன்?" என்றேன்.

"அங்க அக்காவுக்கு மூணும் சின்னப் பசங்கய்யா. இந்தப் பிசாசு போயி உதைச்சா தாங்குமா அதுங்க? இவன்னா தாங்குவான்."

மகன் அதைக் கேட்டுவிட்டு இன்னும் பலமாக உதைத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தையல் விட்டு உதடு பிளந்தது. தலையணை முழுக்க ரத்தம்.