பேணாட்டின் குரலுக்கு எழுதிய மனுக்கள்

"நீதவான் பாகம் எண்டு எழுதுங்கோ, நானா. தூக்குத் தண்டனை குடுக்கிற நீதவான்."

"கதை வாசிக்கிறதுக்குத்தானே ஆள் கேட்டிருக்கிறாங்க? நீதவான் எங்கேயிருந்து வந்தாரு?"

"வாசிப்பு முடிஞ்சா நாடகம் குடுப்பாங்கள்தானே. அப்ப யோசிக்க ஏலாது. இப்பவே சொல்லிவைப்பம்."

ஜவாஹிர் எழுதினார். அரசாங்கக் கச்சேரிக்கு எதிரே, வாகை மரத்தடியில் மேசை போட்டு ஊராருக்கு மனு, பெட்டிசம் எழுதுகிறவர் அவர். அன்று மத்தியானம் அந்த மேசை துறைமுக வாசலுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடைக்குள் வந்திருந்தது. மேசையில் ஒரு கட்டுத் தபாலட்டை. நீதவான் கேட்டவன் யோகலிங்கம், கப்பலில் மூட்டை இறக்குகிறவன். அவனுக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

எல்லோரும் பேணாட்டுக்காக நின்றார்கள். பேணாட் இறங்குதுறையில் கணக்குப் பிள்ளை. முந்திய ஞாயிறு மாலை அவன் வானொலியில் ஒரு சிறுகதை வாசித்திருந்தான். அது ஒரு சோதனை. வாரம் ஒரு முறை நாவலொன்றைத் தொடர்ந்து வாசிக்க ஒரு குரல் தேவைப்பட்டது. இருவரை வாசிக்கவைத்திருந்தார்கள். எவருடைய குரல் பிடித்தது என்று நேயர்கள் தபாலட்டையில் எழுதலாம் என்று அறிவித்தார்கள்.

ஆதம்பாவா முன்னால் வந்தார். கிண்ணியாத் துறையில் ஆட்களை அக்கரை சேர்க்கிற மிதவைப் பாதை ஓட்டுகிறவர். இதற்கென்றே ஒருவனைப் பாதையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"நாவல் முழுசையும் டேப்பில புடிச்சுத் தரச் சொல்லி எழுதுங்க. பேணாட் தம்பிட குரலில. முதல் எழுத்திலயிருந்து கடைசி எழுத்து வரைக்கும்."

"டேப் மெசின் உங்கட வாப்பா வாங்கித் தருவாரோ, காக்கா?" என்றான் யோகலிங்கம்.

"வாங்குவம்டா. ஒரு காலம் வரும், நீ பாரு. வேணுமெண்ட நேரம் போட்டு, வேணாமெண்டா நிப்பாட்டி வைக்கலாம். வீட்டில றுக்கியாக்குக் கண் மங்கிப் போச்சு. பகல் முழுக்கச் சும்மா இருக்கிறாள். பேணாட்டைப் போட்டுவிட்டு நான் வேலைக்குப் போவன்."

"பொண்டாட்டியைப் பேணாட்டிட்டக் குடுத்திட்டுப் போறார்!"

கடை சிரித்தது. ஆதம்பாவாவும் சிரித்தார். ஜவாஹிர் சிரிக்காமல், 'கனம் பொருந்திய ஐயா அவர்கட்கு' என்று தொடங்கி, 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்ளுகிறேன்' என்று முடித்து, கீழே ஆதம்பாவாவின் பெயரையும் ஊரையும் எழுதினார். அவருடைய எழுத்து அச்சுப் போல இருக்கும். ஒரு 'ழ' கூட மற்றதற்கு வித்தியாசமாக விழாது.

நின்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் எழுதத் தெரியும். யோகலிங்கம் பத்தாவது வரை படித்தவன். ஆனால் இந்த ஊரில் அரசாங்கத்துக்குப் போகிற எதையும் யாரும் தன் கையால் எழுதுவதில்லை. காணி என்றாலும் அரிசிக் கூப்பன் என்றாலும் மகனுக்கு வேலை என்றாலும் ஜவாஹிரிடம் போவார்கள். கண்டபடி கிறுக்கி அனுப்பினால் அரசாங்கக் கந்தோரில் படிக்காமலே எறிந்துவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வானொலியும் அரசாங்கம்தான்.

பேணாட் அப்போது கடையின் பின் வாங்குப் பலகையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் கேட்காதவன் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

அவனுடைய தகப்பன் வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைத் தளத்தில் தச்சன். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரரின் கப்பல்கள் தளத்தை விட்டுப் போனபோது வேலையும் போனது. பேணாட் பள்ளியை விட்டுத் துறைமுகத்துக்கு வந்தான். கப்பலின் அடித்தட்டில் நிற்கிறவனுக்கும் கேட்கும்படி கணக்குச் சொல்ல ஒரு குரல் வேண்டும். அது அவனிடம் இருந்தது. மத்தியானச் சோற்று நேரத்தில் பத்திரிகைத் தொடர்கதையை உரத்து வாசிப்பான். முதலில் இரண்டு பேர் கேட்டார்கள். பிறகு, கதை வருகிற நாளில் ஒருவரும் வீட்டுக்குச் சாப்பிடப் போகாமல் நின்றார்கள். அழுகிற இடத்தில் அவன் குரலைத் தாழ்த்துவான். மூட்டை தூக்குகிறவர்கள் அழுவார்கள். பிறகு எழுந்து மூக்கைச் சீறிவிட்டு, இவன் இங்கே இருக்கவேண்டிய ஆள் இல்லை என்று சொல்வார்கள். எத்தனையோ வருடம் அப்படிச் சொன்னார்கள். மற்றவர்கள் சொல்லச் சொல்ல அவனுக்கும் அது உண்மையாகத் தெரிந்தது.

அன்று பின்னேரம் வீட்டில், முகம் கழுவிவிட்டு, அவன் நீதவானாகத் தீர்ப்புச் சொல்லிப் பார்த்தான். மனைவி கிறிஸ்டின் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆரைத் தூக்கில போடுறியள்?"

"ஒருத்தரையும் இல்லை. குரலைப் பாக்கிறன்."

"குரல் நல்லாத்தான் இருக்கு. உந்த வாளியை எடுத்துத் தண்ணி அள்ளித் தாங்கோ, எசமான்."

அவன் அள்ளிக் கொடுத்தான். வாசிப்புக் கிடைத்தால் கொழும்பில் ஒரு அறை எடுக்கலாம் என்றான். அவள் வாளித் தண்ணீரில் மீனைக் கழுவினாள். ஆனால் அடுத்த நாள் அவனுடைய வெள்ளைச் சேட்டைத் தோய்த்துக் கஞ்சி போட்டு வைத்தாள்.

இரண்டு கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. நேரில் வரும்படி கேட்டிருந்தது. கடையில் எல்லோருக்கும் தேநீர் ஓடியது. யோகலிங்கம் ரெயில் வரைக்கும் அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆதம்பாவா ஒரு போத்தல் தேன் கொண்டுவந்து, "தொண்டைக்கு" என்று கொடுத்தார்.

கொழும்பில், வானொலி நிலையத் தயாரிப்பாளர் மெலிந்த மனிதர். கண்ணாடி போட்டிருந்தார். கதிரையைக் காட்டினார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து தபாலட்டைகளை எடுத்து, சீட்டுப் பரப்புவது போல மேசையில் பரப்பினார்.

"பாருங்கோ."

பேணாட் பார்த்தான். கிண்ணியா, மூதூர், கப்பல்துறை, நகரம். நாற்பதுக்கு மேலே பெயர்கள். கனம் பொருந்திய ஐயா. தாழ்மையுடன் வேண்டிக்கொள்ளுகிறேன். எல்லாம் ஒரே நீல மையில், ஒரே கையில் எழுதியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே நாளின் தபால் முத்திரை. கடைக்குள் ஒவ்வொன்றாக எழுதப்பட்டபோது அழகாக இருந்தவை இங்கே சேர்ந்து கிடந்தபோது வேறு விதமாகத் தெரிந்தன.

"நீங்கள் எழுதினதோ?"

"இல்லை, சேர். சத்தியமா இல்லை. அவையள் சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதினவர். எல்லாரும் இருக்கிற ஆக்கள். விசாரிச்சுப் பாருங்கோ."

"எழுதத் தெரியாதவையளோ?"

பேணாட் யோசித்தான். ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியும், சேர்."

"பிறகு?"

"எங்கட ஊரில அப்பிடித்தான். கந்தோருக்குப் போற எண்டா அவர்தான் எழுதவேணும். நல்ல எழுத்து. மரியாதைக்கு."

தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. அவன் சொன்னதைப் பாதி நம்பினார் என்றும் தெரிந்தது.

"உங்கட குரல்தான் நல்லது. நான் அதைச் சொல்லுறதுக்குத்தான் கூப்பிட்டனான். தபாலிலயும் சொல்லியிருக்கலாம். மற்றவருக்குப் பதினொரு தபால் காட் வந்தது. பதினொரு கை. இதைக் கந்தோரில எல்லாரும் கண்டிட்டினம். நாளைக்கு ஆரும் கேட்டா நான் பதில் சொல்லவேணும்."

"இனிமேல் எப்பவாவது, சேர்?"

"பெயர் ஒருக்கா இப்பிடி அடிபட்டா கஷ்டம், தம்பி."

அட்டைகளைக் கொண்டுபோகச் சொன்னார். பேணாட் அவற்றை எடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவன் கடைக்கு வந்தபோது எல்லோரும் இருந்தார்கள். அவன் நின்றபடியே நடந்ததைச் சொன்னான். சுருக்கமாகச் சொன்னான்.

"என்ட எழுத்தைப் பத்தி என்ன சொன்னாரு?" என்று ஜவாஹிர் கேட்டார்.

"நல்ல எழுத்து எண்டுதான் சொல்லியிருப்பார்," என்றான் யோகலிங்கம். "பொறாமை, நானா. மற்றவன் அவரின்ர சொந்தக்காரனா இருப்பான். விடக்கூடாது. மந்திரிக்கு ஒரு பெட்டிசம் போடுவம்."

"போடுவம். எல்லாரும் கையெழுத்து வைக்கவேணும்," என்றார் ஆதம்பாவா.

ஜவாஹிர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். "கனம் பொருந்திய," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"நிப்பாட்டுங்கோ!"

பேணாட் அப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தெருவில் போனவர்கள் நின்றார்கள். "நிப்பாட்டுங்கோ! ஆர் கேட்டது உங்களை? நான் கேட்டனானோ? நான் பாட்டில கணக்குச் சொல்லிக்கொண்டு இருந்தனான். நீங்கள்தான் இவன் இங்க இருக்கவேண்டியவன் இல்லை, இல்லை எண்டு சொல்லிச் சொல்லி... இனி நான் எங்க இருக்கிறது? சொல்லுங்கோ! எங்க இருக்கிறது?"

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்தியிருந்தார்.

யோகலிங்கத்தின் கண்கள் நிறைந்திருந்தன. அவன் ஆதம்பாவாவின் தோளைப் பிடித்தான்.

"கேட்டியளோ, காக்கா? மயிர் கூச்செறியுது. நான் அண்டைக்கு நீதவான் எண்டு எழுதச் சொன்னது பிழை. அரசன். நாடு இழந்த அரசன். இந்தக் குரலுக்கு அதுதான் சரி."

"ஓம்," என்றார் ஆதம்பாவா. "அல்லா, என்னமா உடையுது."

பேணாட் அவர்களைப் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவர்கள் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் ஞாயிறு. பேணாட் காலைப் பூசைக்குப் போனான். வரும் வழியில் சந்தையில் சூடை மீன் வாங்கினான். சோறு தின்றுவிட்டு மூன்று மணி வரை படுத்தான். மழை சாதுவாகத் தூறிவிட்டு நின்றது. ஜவாஹிர் கடைக்கு வரவில்லை. முள்ளிப்பொத்தானையிலிருந்து ஒருவர் காணிப் பிரச்சினையோடு அவர் வீட்டுக்கு வந்திருந்தார். மாலையில் கடையில் வானொலியைப் போட்டார்கள். நாவலின் முதல் பகுதியை மற்றவர் வாசித்தார். தொடங்கும்போது இரண்டு பேர் ஏசினார்கள். பாதியில் ஏச்சு நின்றது. முடிந்த பிறகு, இவருக்கு டாக்குத்தர் பாகம் பொருந்தும் என்று யோகலிங்கம் சொன்னான். இல்லை, வக்கீல்தான் என்று வேறொருவர் சொன்னார். அந்த நேரம் பேணாட் வீட்டு வேலியில் சரிந்திருந்த தென்னோலைக் கிடுகுகளைக் கழற்றிப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தான். கிறிஸ்டின் உள்ளே நின்று கயிற்றை வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். இருட்டுமுன் வேலை முடிந்தது.