எழுதிக் கொடுக்காத கைது

எங்கள் கல்யாண மண்டபத்து ஆபீஸ் அறையில் ஒரு இரும்பு அலமாரி இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களை அதில்தான் எடுத்து வைப்பேன். ஒற்றைக் கொலுசு, மூக்குக் கண்ணாடி, பால்புட்டி, எவர்சில்வர் தூக்கு, ஒருமுறை ஒரு பல்செட் கூட. பல்லை மறந்துவிட்டு எப்படிப் பந்தியில் சாப்பிட்டார்களோ தெரியாது. மேல் தட்டில் ஒரு பச்சைத் துண்டு இருக்கிறது. மற்றவையெல்லாம் மறதியால் வந்து சேர்ந்தவை. அந்தத் துண்டை மட்டும் ஒரு அம்மா வேண்டுமென்றே விட்டுப் போனார்.

குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் இருக்கிறது மண்டபம். இருபது வருஷமாக நான்தான் மேனேஜர். முகூர்த்த நாளில் கல்யாணம் நடக்கும், அமைச்சர் வருகிற நாளில் கைது நடக்கும். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். தண்ணீர் வரவில்லை, நெல்லை எடுக்கவில்லை என்று யாராவது குரல் கொடுத்தால், போலீசார் வேனில் ஏற்றி மண்டபத்தில் இறக்குவார்கள். மத்தியானம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் போடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் நாள் போனில், "மேனேஜர், நாளைக்கு ஹால் வேணும்" என்று ஒரு வார்த்தை வரும். கடிதம் கிடிதம் ஒன்றும் கிடையாது. வேறு யாருக்கும் அந்தத் தேதியைக் கொடுத்துவிடக் கூடாதே என்று, புக்கிங் டைரியில் அந்த நாளுக்கு நேராக 'காவல்துறை, பகல்' என்று எழுதிக்கொள்வேன்.

பிடிபடுகிறவர்களுக்கும் அது பழகிப்போயிருந்தது. துண்டை விரித்துப் படுப்பார்கள், சீட்டு ஆடுவார்கள், பாயசம் இல்லையா என்று கேட்பார்கள். விவசாய சங்கத் தலைவர் ஒருவர், "எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு தடவதான் இங்க வந்தேன். கைதாகி எத்தனை தடவ வந்துட்டேன் பாருங்க" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைக்கு, தொட்டிலை வாடகைக்கு விட்டவன் நான். அன்றைக்கு அது உறைக்கவில்லை.

அந்த நாள் குறுவை நடவு சமயம். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. அமைச்சருக்குக் கறுப்புக் கொடி காட்டப் போவதாக சங்கத்தார் அறிவித்திருந்தார்கள். சங்கத்தாருக்கு அடையாளம் தோளில் பச்சைத் துண்டு. அதனால் விடிந்ததிலிருந்து பஸ் நிறுத்தங்களில் பச்சைத் துண்டு போட்டவர்களையெல்லாம் போலீசார் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வந்து இறங்கிய நாற்பது பேரில் பெண் ஒருவர்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். நடவுக்குப் போகிறவர். வெயிலுக்குத் தலையில் கட்டிக்கொள்ள குத்தாலம் கடைத்தெருவில் வாங்கிய துண்டு அது. எந்தச் சங்கத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இவர் மயிலாடுதுறைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

கையில் மஞ்சள் பை. அதற்குள் கோட்டாட்சியர் அலுவலகத்து நோட்டீஸ். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் அவர் வீடு கட்டி முப்பது வருஷம். அதைக் காலி செய்யச் சொல்வதற்கு முன்னால் அவர் பக்கத்துப் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அன்று பதினோரு மணிக்கு விசாரணை. வரத் தவறினால் இருக்கிற ஆவணங்களை வைத்து முடிவெடுக்கப்படும் என்று கடைசி வரி. வீட்டு வரி ரசீது, கரண்ட் கார்டு, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் நூல் போட்டுக் கட்டி எடுத்துவந்திருந்தார்.

"சார், நான் கொடி காட்ட வரலைங்க. வீட்டு விசாரணைக்குப் போறேன். இதப் பாருங்க" என்று இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கக்கூட இல்லை. "சாயந்திரம் எல்லாரையும் விட்டுடுவோம்மா. போய் ஃபேனுக்கடியில உக்காரு" என்றார். "சாயந்திரம் அங்க யாருங்க இருப்பா?" என்று அந்த அம்மா கேட்டார். பதினோரு மணி ஆனபோது ஹாலின் பெரிய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்த நேரம் பார்க்க நாங்கள் மாட்டி வைத்த கடிகாரம் அது.

மத்தியானம் இலை போட்டார்கள். அவர் எழுந்து வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். "சாப்பிடுங்கம்மா, வயித்துக்கு வஞ்சனை பண்ணாதீங்க" என்றேன். "கூப்பிட்டு வந்தவங்கதாங்க சாப்புடணும். என்னைப் புடிச்சிக்கிட்டு வந்துருக்காங்க" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சோற்றில் என்ன வீம்பு என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஆறு மணிக்கு, "எல்லாரும் கெளம்பலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். சங்கத்தார் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. இருபது வருஷத்தில் உள்ளே வர மாட்டேன் என்று தகராறு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே போக மாட்டேன் என்று உட்கார்ந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்னைக் காலையிலேர்ந்து இங்க வச்சிருந்தீங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போயிடுறேன்" என்றார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஒன்னை யாரும்மா கைது பண்ணா? கைதே இல்லங்கிறப்ப என்னத்த எழுதுறது?"

"கைது இல்லன்னா காலையில ஏன் சார் என்னை வெளிய விடல?"

"பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு? எனக்கா?" பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். "எனக்கு நோட்டீஸ் எழுத்துல வந்துச்சு. நான் ஏன் வரலைன்னு எழுத்துலதான் கேப்பாங்க. நான் வாயால சொன்னா யாரு சார் நம்புவா?"

சட்டம் படித்த யாரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. ஒருவரைப் பிடித்தால் ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், எழுத்தில் குறிக்க வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று இந்த நாட்டு அரசியல் சட்டமும் நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. இதையெல்லாம் நான் பிற்பாடுதான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஆத்திரம் வந்தது. கைது என்றே எழுதாவிட்டால் இருபத்து நான்கு மணி நேரம் எப்போது ஆரம்பிக்கும்? எழுதாத கைதுக்கு எந்த நீதிபதி கணக்குக் கேட்பார்? அத்தனை பேர் உட்கார்ந்து யோசித்துக் கட்டிய கரையை, ஒரு போன் காலும் ஒரு அண்டா சாம்பார் சாதமும் உடைத்துவிடுகின்றன. நாமும் ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார். "மேனேஜர், நீங்களாவது சொல்லுங்க. நான் இங்க கல்யாணத்துக்கா வந்தேன்?" இன்ஸ்பெக்டரும் என்னைப் பார்த்தார். நான், "ஹாலைப் பூட்டணும்மா" என்றேன். இந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அவர் எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். "இது இங்கயே கெடக்கட்டும். நான் வந்ததுக்கு ஏதாச்சும் ஒண்ணு இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு வாசல் இறங்கிப் போனார்.

மறுநாள் பேப்பரில் 'விவசாயிகள் கைது, மாலையில் விடுவிப்பு' என்று வந்தது. ஒருவர் பெயரும் இல்லை. கோட்டாட்சியர் அலுவலகத்து உத்தரவில் 'விசாரணைக்கு ஆஜராகவில்லை, ஆட்சேபணை இல்லை எனக் கருதப்படுகிறது' என்று வந்தது. அந்த அம்மா தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்டதற்கு, 'அன்று யாரும் கைது செய்யப்படவில்லை' என்று முத்திரை குத்திப் பதில் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் நாற்பது ஆட்களை மறைத்தார்கள், அதுவும் எங்கள் மண்டபத்துச் சோற்றில்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "அன்னைக்குத் தேதியில நீங்க டைரியில ஏதாச்சும் எழுதியிருப்பீங்கள்ல. அதை மட்டும் ஒரு ஜெராக்ஸ் குடுங்க. அப்பீல்ல வைக்கணும்" என்றார். டைரி என் மேசை டிராயரில் இருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் தொடலாம். மண்டபத்து லைசென்ஸ் நினைவுக்கு வந்தது, முதலாளி முகம் நினைவுக்கு வந்தது. "பழைய டைரியெல்லாம் எடைக்குப் போட்டாச்சும்மா" என்றேன். சொன்ன பொய்க்குப் பிராயச்சித்தம் மாதிரி, "ஒங்க துண்டு இருக்கு, தரட்டுமா?" என்றும் கேட்டேன். அவர் டிராயரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "துண்டு வேற வாங்கிக்கலாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். வாய்க்கால் கரையில் அந்த வீடு இருந்த இடத்தில் ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. கதவையும் நிலையையும் தனியாக எடுத்துப் புளிய மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். இடித்தது இயந்திரம்தான். ஆனால் டிராயரைத் திறக்காத கை என்னுடையது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் என்னோடு நானே மல்லுக்கட்டிவிட்டு, போன தை மாதம் சீர்காழிக்குப் போனேன். அந்த அம்மா இப்போது அங்கே தன் மகள் வீட்டில் இருக்கிறார். உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். டைரியையே கையில் கொடுத்து, நடந்ததை நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பக்கத்தையும் கொடுத்தேன். சாட்சி சொல்லவும் வருகிறேன் என்றேன். நிதானமாகப் படித்தார். "வீடு இருந்தப்ப குடுத்துருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். கிளம்பும்போது துண்டைப் பற்றிக் கேட்டேன். "கேஸ் முடியிற வரைக்கும் அது அங்கதாங்க இருக்கணும்" என்றார்.

போன வாரம் மறுபடியும் போன் வந்தது. "மேனேஜர், நாளைக்கு ஹால் வேணும்." குரல் புதிது, வார்த்தை அதேதான். "யாரை வைக்கப் போறீங்க, எதுக்கு வைக்கறீங்கன்னு எழுத்துல குடுங்க சார். ஹால் தர்றேன்" என்றேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். மறுநாள் மூன்று வேன்கள் எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த மண்டபத்துக்குப் போயின. அங்கேயும் சாம்பார் சாதம்தான் போட்டார்களாம். முதலாளி என்னோடு இன்னும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் அலமாரியைத் திறந்து துண்டை எடுத்து உதறினேன். பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. திரும்ப மடித்து, ஒரு தாளில் அவர் பெயரையும் அந்தத் தேதியையும் எழுதினேன். 'காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை காவல்துறையினரால் இந்த மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, துண்டோடு சேர்த்துக் குத்தி வைத்தேன். அவர் அன்றைக்குக் கேட்டது இந்த ஒரு வரிதான். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.