காதர் பாயும் தகரத் தொட்டிகளும்

கோவில்பத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது காதர் பாயின் மனைவி போன் செய்தார். "உங்க கூட்டாளி மௌத்தாயிட்டாங்கண்ணே," என்றார். பிறகு அழுதுகொண்டே, "அந்த டப்பாவ எடுக்கிறதப் பாக்காமயே போயிட்டாங்களே," என்றார். எனக்குத் துக்கத்தை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

பாயும் நானும் ஒரே நூற்பாலையின் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர்கள். 'டப்பா' என்பது எது என்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பூங்காவில் நிற்கும் சின்ன நீராவி எஞ்சினின் இரு பக்கமும் ஒட்டவைத்த தகரத் தொட்டிகள்தான்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆற்று முகத்துவாரத்தில் கரை கட்டக் கருங்கல் இழுத்த நான்கு சக்கர எஞ்சின் அது. நம் களிமண்ணில் போட்ட லேசான தண்டவாளத்தில் குடை சாயாமல் ஓட, பாரம் கீழே இருக்க வேண்டும். அதனால் தண்ணீர்த் தொட்டியைக் கொதிகலனுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே வைத்துச் செய்திருக்கிறார்கள். பாய் கைலியை மடித்துக் கட்டி, அடியில் மல்லாந்து படுத்து, அங்குலம் அங்குலமாக அளந்து இதைக் கண்டுபிடித்தார்.

பூங்காவைப் புதுப்பித்த அதிகாரிக்கு அதெல்லாம் வேண்டாம். "டேங்க் இல்லாத எஞ்சினான்னு ஜனங்க சிரிப்பாங்கல்ல?" என்று தகரத்தில் இரண்டு செய்து பற்றவைத்தார்.

"வயித்துக்குள்ளயே தண்ணி வச்சிருக்கு. இடுப்புல ரெண்டு குடம் எதுக்குங்க?" என்று பாய் கேட்டார். காதில் வாங்கினால்தானே!

ஒருநாள் நாங்கள் இருவரும் வாளியோடு போனோம். அடித்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும், பெயின்ட் அடைத்திருந்த பழைய மூடியைச் சுரண்டித் திறந்து, அதிகாரியின் கண்முன்னே ஆறு வாளி ஊற்றினோம். அத்தனையும் அடித்தொட்டிக்குள் போயிற்று. அவரோ துருவில் கசிந்த தண்ணீரைக் காட்டி, எஞ்சினைக் கெடுத்ததாகப் பாயிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார். எழுபது வயது மனிதரிடம்!

"காயிதம்தானே கேட்டாங்க, குடுத்துட்டேன். அதுக்காக அளவு மாறிடுமா?" என்றார் பாய்.

இரங்கல் கூட்டத்தில் அதே அதிகாரி, எஞ்சினுக்குப் பாயின் பெயரைச் சூட்டப்போவதாக அறிவித்தார். பெயரை எழுதப்போவது அந்தத் தகரத் தொட்டியின் மேலேயாம். கைதட்டினார்கள். பாயின் மகள் எழுந்து, "வாப்பா பேர அதுல எழுதாதீங்க. அது பொய்யிங்க," என்றாள். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

பாய் அளந்து வரைந்த படம் என்னிடம் இருக்கிறது. அதில் தொட்டி அடியில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போகிறேன். எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும். இந்த முறை எழுத வேண்டியவர் அவர்.