வெந்நீர்க் குழாய்க்குப் பின்னால்

ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளை மடிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்பை அவள் மடித்து வைத்தால் நாலு மூலையும் கத்தி மாதிரி நிற்கும். வயது இருபத்தைந்து. புருஷன் லாரி ஓட்டுகிறவன். சரக்கு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது.

போன வருஷம் அவள் வயிற்றில் தங்கிய பிள்ளை பாதியிலேயே கலைந்துபோயிற்று. கலைந்தது சும்மா கலையவில்லை, அவளையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது. "உடம்புல ரத்தமே இல்ல. ரெண்டு வருஷத்துக்குப் பிள்ளைய நினைச்சுக்கூடப் பார்க்காதே" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லி அனுப்பினார். தினம் போடுகிற மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஆணுறை. புருஷனும் முகம் சுளிக்காமல் சரியென்றான்.

சிக்கல் வீட்டில்தான். ஒற்றை அறை, நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் மாமியாரும் கல்யாணமாகாத நாத்தனாரும். மாமியாருக்குக் கை சும்மா இருக்காது, தலையணை உறையைக்கூட உதறிப் பார்க்கிறவள். "எப்பம்மா நல்ல சேதி?" என்று ஓயாமல் கேட்கிறவளும் அவள்தான். ஆணுறைப் பெட்டி அவள் கையில் சிக்கினால் வீடே இரண்டாகிவிடும். ஆகவே சலவைக்கூடத்தில், துணி உலர்த்துகிற அறையில், வெந்நீர்க் குழாய்க்குப் பின்னால் அதைச் செருகி வைத்திருந்தாள். அந்த அனலில் எவள் கையை விடப்போகிறாள்? புருஷன் வருகிற அன்று மட்டும் ஒன்றிரண்டு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

வீட்டில் யாருமில்லாத ஒரு மத்தியானம் ஆணுறை கிழிந்துபோயிற்று.

"என்ன பண்ணின நீ?" என்றாள்.

"நான் என்னடி பண்ணேன்? தானா போச்சு."

"தானா எப்படிப் போகும்? உங்கம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் மாமியார் செருப்பு கழற்றுகிற சத்தம். அன்று சாயங்காலமே லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கிளம்பும்போது ஏதோ சொல்ல வந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை விரிப்புகளெல்லாம் கோணல்மாணலாக விழுந்தன. துவைக்கும் மிஷினில் நிற்கிற கிண்டலக்கா விடுவாளா?

"என்னடி மடிப்பு, புருஷன் வந்துட்டுப் போனா கை இப்படியா உதறும்? எங்க வீட்டுக்காரரும் வர்றாரு, போறாரு, ஒரு டம்ளர்கூட நகர மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மடிப்புக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அவளைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டாள். கேட்டதும் கிண்டலெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"அழுதா ஆச்சா? இதுக்குன்னே ஒரு மாத்திரை இருக்கு. நாளைக் கடத்தினா பலிக்காது. பெட்டியை எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடு. சூப்பர்வைசர் கேட்டா நான் பார்த்துக்கறேன்."

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸுக்கும் ஏறக்குறைய அவள் வயசுதான். எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. எங்க வெச்சிருந்தீங்க?"

"வேலை செய்யற இடத்துல. வெந்நீர்க் குழாய்க்குப் பின்னாடி."

"ஐயோ! சூட்டுல ரப்பர் செத்துப்போயிடுமே!"

ரப்பர் நாடா வைத்த விரிப்பு ஒன்று தவறி அந்த அறைக்குள் போனாலே, நாடா தொளதொளத்துப் போகும் என்று ஊரைக் கூட்டுகிறவள் மடிப்பு. தன் பெட்டி விஷயத்தில் அந்த நினைப்பு வரவில்லை.

"மாத்திரை பெரும்பாலும் காப்பாத்திடும். நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். மாசத் தேதி ஒரு வாரம் தள்ளிப்போனா வந்துடுங்க" என்று சொல்லிப் புதுப் பெட்டியைக் கொடுத்தாள் நர்ஸ்.

வெளியே வந்து புருஷனுக்குப் போன் போட்டாள். "நீ ஒண்ணும் பண்ணலை. சூட்டுல வெச்சுக் கெடுத்தது நான்தான்."

அந்தப் பக்கம் லாரியை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "என்னைக் கேட்டதுகூடப் பரவாயில்ல. அம்மாவை இழுத்தியே" என்றான். உடனே, "மாத்திரை போட்டியா? ஏதாவது சாப்பிட்டியா?"

வீட்டில் சூடு படாத இடம் பீரோவின் அடித்தட்டு ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அங்கே தன் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். மறுநாளே அது மாமியார் கையில் இருந்தது.

"இது என்னம்மா?"

ஒளிக்க இனி இடமில்லை. டாக்டரம்மா சொன்னதையும், கிழிந்ததையும், மாத்திரை போட்டதையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

மாமியார் பெட்டியை மூடினாள். "போன வருஷம் உன் துணியை அலசினவ நான்தான். எத்தனை தடவை அலசியும் தண்ணி தெளியவே இல்ல" என்றாள். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அப்புறம் ஏன் அத்தை நல்ல சேதி, நல்ல சேதின்னு கேட்டீங்க?"

"வேற என்னத்தைக் கேக்கறது? டாக்டர் சொன்னதை யாராவது எங்கிட்ட சொன்னீங்களா?"

மாசத் தேதி வந்தது. போயும் விட்டது. காலையில் மடிப்பு குளியலறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம், துணி உலர்த்துகிற சாக்கில் மாமியார் எதிரே நிற்பாள். வாய் கேட்காது, கண் கேட்கும். மடிப்பு இல்லையென்று தலையாட்டுவாள். இருவருக்கும் சோறு இறங்கவில்லை. நாளை ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது என்று இருந்த காலையில்தான் கதவைப் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"வந்துடுச்சு அத்தை."

மாமியார் கையிலிருந்த ஈரத்துணியை ஓங்கி உதறிக் கொடியில் போட்டாள்.

"போ, அவனுக்குப் போன் பண்ணி நல்ல சேதின்னு சொல்லு."