உத்தியோகத்தருக்கு ஊற்றிய தேத்தண்ணி

கணவர் மௌத்தான பிறகு, நாவுலப் பக்கம் வீட்டையொட்டி இருக்கும் எங்கள் அரை ஏக்கர் வயலை இரண்டு போகமும் நானேதான் செய்தேன். நாற்று நட்டதும் நான், விடிய எழும்பித் தண்ணீர் திருப்பியதும் நான்.

உர மானியத்துக்குப் பெயர் பதிய உத்தியோகத்தர் வயல் பார்க்க வந்த அன்று, கணவரின் தம்பியும் கூடவே வந்தார்.

"மதினி, நீங்க உள்ளுக்குப் போய் தேத்தண்ணி ஊத்துங்க. சிங்களத்துல நான் பேசிக்கிறேன்" என்றார்.

எனக்கும் சிங்களம் வரும். ஆனாலும் போனேன். ஆண்கள் பேசும் இடத்தில் நமக்கென்ன வேலை என்று நினைத்தேன். இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேன். உத்தியோகத்தர் ரசித்துக் குடித்தார்.

அடுத்த மாதம் விவசாய சங்கக் கூட்டத்தில் பட்டியல் வாசித்தார்கள். என் வயலுக்குக் கணவரின் தம்பி பெயர். மானியப் பணமும் அவருக்குத்தான். அங்கேயே எழும்பிக் கேட்டேன்.

"வயல் செய்றது யாருன்னு கேட்டாரு, மதினி. பொம்பளைன்னு சொன்னா நம்புவாரா?" என்று சிரித்தார்.

கூட்டமே சிரித்தது. என்னோடு நாற்று நட்டவர்களும்தான்.

பணம் போனதை மறந்துவிடுவேன். அவர் வரம்பில் நின்று என் பெயரை விழுங்கிய நேரத்தில், உத்தியோகத்தருக்குச் சீனி போதுமா என்று அடுப்படியில் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேனே, அதைத்தான் மறக்க முடியவில்லை.