கையில் இருந்த பெயர்

தி.நகரில் நான் சூப்பர்வைசராக இருக்கும் சைவ ஹோட்டலில், பரிமாறுகிறவர்களின் கையில் பச்சை குத்தியிருப்பது தெரியக்கூடாது. எங்கும் எழுதி ஒட்டவில்லை. முதலாளியின் முகம் போகிற போக்குதான் சட்டம். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. ஆனால் காபி கொண்டுவரும் சர்வரின் முன்கை முழுக்க ஒரு வேல் இருக்கிறது. அதைப் பார்த்தால் மட்டும் அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொள்வார். இந்த ஓரவஞ்சனை எனக்கு வெகுநாள் வேடிக்கையாகத்தான் இருந்தது.

பட்டினப்பாக்கத்திலிருந்து ஒருத்தி பரிமாற வந்து சேர்ந்தாள். கை சுறுசுறுப்பு, முகத்தில் சிடுசிடுப்பே கிடையாது. அவள் பார்க்கும் மேசை காலியாகட்டும் என்று காத்து நின்று உட்கார்ந்தவர்கள் உண்டு. அவளுடைய இடது முன்கையில், முழங்கைப் பக்கமிருந்து மணிக்கட்டு வரை, பச்சையில் ஒரு பெயர் இருந்தது. காய்ச்சலில் போன மகளின் பெயர். குழந்தையைப் புதைத்த வாரமே போய்க் குத்திக்கொண்டதாகச் சொன்னாள்.

அண்ணாச்சி கண்ணில் அது பட்டதும் மறைக்கச் சொன்னார். பிளாஸ்திரி ஒட்டினாள். கையில் புண்ணோடு பரிமாறுகிறாளே என்று சாப்பிட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். முழுக்கைச் சட்டை போட்டால் சாம்பாரில் தோய்ந்தது. பாத்திரம் கழுவும் பக்கம் போகிறாயா, இல்லை வேறு இடம் பார்க்கிறாயா என்று அண்ணாச்சி கேட்டுவிட்டார். அங்கே சம்பளம் பாதி. அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. அது செத்துப்போன குழந்தையின் பெயர் என்று அவரிடமே போய்ச் சொன்னேன். இரக்கப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்ப இன்னும் மோசம்லா," என்றார். "கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த சனம் இங்க சாப்பிட வருது. போன பிள்ளை பேரையா அவங்களுக்குக் காட்ட?"

இவர் கெட்ட மனிதர் இல்லை. குழந்தை போன கதை கேட்டு உண்மையிலேயே உச்சுக்கொட்டினார். உச்சுக்கொட்டிக்கொண்டே அதைச் சொன்னார்.

இரண்டு நாள் லீவு கேட்டுப் போனவள், திங்கட்கிழமை காலை அரைக்கை யூனிஃபார்மில் வந்து நின்றாள். முன்கையில் கரேலென்று பெரிய வேல் ஒன்று. சுற்றிலும் தோல் சிவந்து வீங்கியிருந்தது. ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. கூர்ந்து பார்த்தேன், பெயர் இருந்த சுவடே தெரியவில்லை. என்ன காரியம் செய்தாய் என்று கேட்டேன்.

"சாமின்னா ஒண்ணும் சொல்ல மாட்டாருல்லக்கா," என்றாள். "பாப்பா போட்டோ வூட்ல கீது."

கல்லாவிலிருந்து எழுந்து வந்த அண்ணாச்சி அவள் கையைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாசல் பக்கத்து மேசைகளை இனி இவளே பார்க்கட்டும் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். அந்த ஆளை அப்படியே பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. மேசைகளை மாற்றிக் கொடுத்தேன்.

வாசல் பக்கத்து மேசையில் ஜவுளிக்கடைப் பைகளோடு ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அவள் இட்லி வைக்கக் கை நீட்டினாள். மணப்பெண்ணின் அம்மா போலிருக்கிறது, அந்த வீங்கிய கையைப் பார்த்துவிட்டுப் பக்தியோடு கேட்டார்.

"வேண்டுதலாம்மா?"

"ஆமாம்மா," என்றாள்.